அப்பாவின் திவசமும் தண்டவாளத்து நாய்களும்

ஒரு லட்சம் ரூபாயைத் தானம் கொடுத்து முடிக்க எனக்கு நான்கு மாதம் எடுத்தது. இருபது வருடமாகக் கணக்காளராக வேலை செய்கிறவள் நான். ஒரு கொம்பனியின் ஆண்டுக் கணக்கை இதைவிட வேகமாக முடித்திருக்கிறேன்.

காசு அப்பாவுடையது. 2023 இல் அவர் போனபோது வங்கியில் நிலையான வைப்பு ஒன்று இருந்தது. முதலாம் ஆண்டுத் திவசம் நெருங்கியபோது வழக்கம்போல முதியோர் இல்லம் ஒன்றுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பதாகத்தான் இருந்தோம். அம்மாதான் மாற்றினார்.

“மனுசருக்குக் குடுக்க எத்தினையோ பேர் இருக்கினம். அந்த மனுசன் கடைசி மட்டும் நாய்க்குத்தானே சோறு போட்டது. நாய்களுக்குக் குடு பிள்ளை.”

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள லேன் ஒன்றில். லேன் முடிந்தால் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கப்பால் கருங்கல்லும் கடலும். தண்டவாளத்துக்கும் கல்லுக்கும் இடையில் இருக்கிற அந்த ஒடுங்கிய துண்டில்தான் அப்பாவின் நாய்கள் இருந்தன. பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு நெளிந்த அலுமினியச் சட்டியில் சோறும் மீன் தலையும் குழைத்து எடுத்துக்கொண்டு போவார். யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் அவருக்கு நாய்களில் இந்த வாரப்பாடு இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஓய்வுபெற்று, கொழும்பில் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து, வெளியே நடந்துபோக ஒரு சாட்டுத் தேவைப்பட்டபோது வந்த பழக்கம் அது.

2022 இல் நிலைமை தெரியும்தானே. அந்த செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதம், சாப்பாட்டுச் சாமான்களுக்கு மட்டும் பார்த்தால் 94.9. வீட்டில் அரிசியை அளந்து போட்டோம். அப்பா சட்டியைக் குறைக்கவில்லை, தன் கோப்பையைக் குறைத்தார். அதைப் பற்றி நடந்த சண்டையை இங்கே எழுதவில்லை. அந்த வருடம்தான் தண்டவாளத்துக்குப் புதிய முகங்கள் வந்தன. கழுத்தில் பட்டியின் தடம் மாறாத, சடை வைத்த, ரயில் சத்தத்துக்கு எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று தெரியாத நாய்கள். தீனி விலை ஏறியதும் யாரோ வாகனத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டவை. அவற்றில் இரண்டு ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

ஆகவே நாய்களுக்குக் கொடுப்பதில் எனக்குப் பிரச்சினை இல்லை. எந்த நாய்க்கு, யார் கையில் என்பதுதான் நான்கு மாதமாக இழுபட்டது.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பேஸ்புக்கைத் திறந்தேன். ஒரு மீட்புப் பக்கத்தைப் பார்த்ததும் மற்றப் பத்தும் தாங்களாகவே தேடி வந்தன. புழு வைத்த காது. பஸ்ஸில் அடிபட்டு இழுபடும் பின்கால். தண்ணீர்ப் போத்தலைவிடச் சிறிய குட்டி ஒன்று, கண் திறக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம், ஒரு ஈசி கேஷ் இலக்கம், “இன்று இரவுக்குள்” என்ற சொல். எங்கள் தொழிலில் “இன்றைக்கே கையெழுத்து வேண்டும்” என்று ஒருவர் வந்து நின்றால் கதிரையை இழுத்துப் போட்டு ஆறுதலாக உட்காரச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் கண் திறக்காத குட்டியின் முன்னால் அந்தப் பயிற்சி செல்லாது.

எனக்கு ஏற்கெனவே ஒரு சூடு இருந்தது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு பக்கத்துக்கு, கால் முறிந்த ஒரு நாய்க்காக 5,000 ரூபா அனுப்பினேன். பிறகு ஒருநாள் அதே நாய், அதே கால், அதே நீலத் துணி, எனக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ ஒரு மொழியின் எழுத்தோடு வேறொரு பக்கத்தில் இருந்தது. யார் யாருடைய படத்தை எடுத்தார்கள், அது மோசடியா, இரக்கத்தில் இரவல் வாங்கியதா என்று நான் தேடிப் போகவில்லை. காசு போனது போகட்டும். அதற்குப் பிறகு ஒரு வருடம் எந்த மிருகத்துக்கும் ஒரு சதமும் கொடுக்காமல் இருந்ததற்கு எனக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

படங்களைப் பற்றி மிருக வைத்தியர் ஒருவர் எனக்குச் சொன்னது முக்கியம். கட்டாக்காலி நாய்களிடம் ஒரு வகைப் புற்றுக்கட்டி இருக்கிறது. புணரும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றும். பிறப்புறுப்பில் பூக்கோவா மாதிரி வளர்ந்து இரத்தம் சொட்டும். படத்தில் பார்த்தால் இந்த நாய்க்குக் கதை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கிழமைக்கு ஒன்றாக, வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் சில ஊசிகளோடு பெரும்பாலும் முழுக்கவே கரைந்துவிடும். பக்கத்தில் இன்னொரு நாய் ஒரு சொட்டு இரத்தமில்லாமல் சாதுவாகப் படுத்திருக்கும். அதற்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கும். படத்தின் கோரத்துக்கும் மருந்தின் செலவுக்கும் பிழைக்கிற வாய்ப்புக்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் கோரத்தைப் பார்த்துக் காசு அனுப்புகிறோம்.

அப்புறம் ஒரு காப்பகத்தைப் போய்ப் பார்த்தேன். பெயர் வேண்டாம். கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம், றப்பர்த் தோட்டங்களுக்கு உள்ளே. ஓட்டோவை நிறுத்துவதற்கு முன்பே சத்தம் கேட்டது, பிறகு மணம் வந்தது. மூத்திரத்தின் அமோனியா கண்ணைக் கரிக்கிற மணம். நூற்றைம்பதுக்கு மேல் நாய்கள், வேலைக்கு இரண்டு பேர், நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய ஒரு சிங்கள அம்மா. கொல்லைப் புறத்தில் மூன்று பெரிய கிடாரங்களில் சோறும் கோழித் தலையும் காலும் வெந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு நாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒன்றைக்கூட மாற்றிக் கூப்பிடவில்லை. நான் சோதித்துப் பார்த்தேன், என் தொழிற்புத்தி.

மூலையில் ஒரு வெள்ளை நாய் தன் வாலைத் துரத்திச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் அங்கே நின்ற இரண்டு மணித்தியாலமும் சுற்றியது. “வந்த நாள் தொடக்கம் அப்படித்தான்” என்றார். வந்து நான்கு வருடமாம்.

“வருசத்தில் எத்தனை நாய் இங்கேயிருந்து வீடுகளுக்குப் போகும்?” என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். சிரித்தார். பிறகு வாசலைக் காட்டினார். கேற்றடியில் ஒரு கார்ட்போர்ட் பெட்டி, மழையில் ஊறிப்போய். முதல்நாள் இரவு யாரோ வைத்துவிட்டுப் போனது. ஐந்து குட்டிகள், ஐந்தும் பெட்டை. கடுவன் குட்டியை யாராவது எடுத்துவிடுவார்கள், பெட்டைதான் பெட்டியில் வரும் என்றார். பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வந்த மாதம் பெட்டிகள் இரண்டு மடங்காகினவாம்.

அன்றைக்கு இரண்டு மூட்டை அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அந்த அம்மா என்னைவிட எவ்வளவோ மேலான மனுஷி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அப்பாவின் காசு முழுவதையும் அங்கே போடக் கை வரவில்லை. ஓட்டை வள்ளத்தில் ஒருவர் இருபது வருடமாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு இன்னொரு வாளி வாங்கிக் கொடுப்பதா, ஓட்டையை அடைக்கிற ஆளைத் தேடுவதா? இறைக்கிறவர் பாவம்தான். ஆனால் அந்த ஊறிய பெட்டி என் மனதை விட்டுப் போகவில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பது கொழும்புக்கு நன்றாகவே தெரியும். நாங்கள் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் கட்டாக்காலி நாய்களுக்கு ஒரே வைத்தியம் பிடித்துக் கொல்வது. 2006 இல் அரசாங்கம் அதை நிறுத்தி, விசர்நோய்க்கு (ரேபீஸ்) எதிரான ஊசியும் கருத்தடையும் என்ற வழிக்கு மாறியது. 2007 இல் புளூ போ டிரஸ்ட் என்ற உள்ளூர் அமைப்பு மாநகர சபையோடும் ஒரு சர்வதேச விலங்கு நல அமைப்போடும் சேர்ந்து கொழும்பில் வேலை தொடங்கியது: தெருத் தெருவாக ஊசி, பெட்டை நாய்களுக்குக் கருத்தடை, பாடசாலைகளில் போய் நாயோடு எப்படி நடந்துகொள்வது என்ற பாடம். கொழும்பு நாய்களில் 2001 இல் 43 ஆக இருந்த விசர்நோய்ச் சம்பவங்கள் 2011 இல் 2 ஆகிவிட்டன. இலங்கையில் 1973 இல் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் செத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் பாருங்கள்.

கொல்வதால் ஏன் குறையவில்லை என்பதற்கும் விளக்கம் எளிமையானது. ஒரு தெருவில் எத்தனை நாய் வாழலாம் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தெருவின் குப்பையும் சோற்றுப் பார்சலும்தான். இருக்கிற நாயை அகற்றினால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத ஒன்று வரும். நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டிருந்தால் விசர்நோய் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊசி போட்ட நாயைக் கொன்று ஊசி போடாத நாயை வரவழைத்தால் அந்த 70 எப்படி வரும்? ஊசியும் கருத்தடையும் முடிந்ததற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டோடு லேன் முனையில் சுருண்டு கிடக்கிற சொறி நாய்தான் உண்மையில் எங்களுக்குக் காவல்.

ஒரு பெட்டை நாய் ஏறத்தாழ 63 நாளில் குட்டி போடும். வருடத்துக்கு இரண்டு ஈற்று வரலாம். ஒவ்வொன்றிலும் ஐந்தோ ஆறோ. தெருவில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வருடத்தைக் காண்பதில்லை. பட்டினியில், பார்வோ வைரஸ் நோயில், மூன்று சில்லுக்கும் நான்கு சில்லுக்கும் அடியில் போகின்றன. முறிந்த ஒரு காலுக்குத் தகடு வைக்கிற செலவில் பத்துப் பெட்டை நாய்களுக்காவது முகாமில் கருத்தடை செய்யலாம் என்று எனக்குக் கணக்குச் சொன்னார்கள். அந்தப் பத்தும் போடாத குட்டிகளை யாராலும் படமெடுக்க முடியாது. பிறக்காத குட்டிக்குக் கண்ணுமில்லை, கண்ணீருமில்லை, பகிர ஒரு பதிவுமில்லை. அதனால்தான் அதற்குக் காசு சேர்வதில்லை.

இந்த இடத்தில் கனடாவிலிருந்து அக்காவின் மகன் குறுக்கிட்டான். அவனுக்கு இதெல்லாம் ஒரு கலை. தானம் கொடுக்கிற காசுக்கு எங்கே அதிக பலன் என்று ஆராய்ந்து பட்டியல் போடுகிற அமைப்புகளை ஒவ்வொன்றாக அறிந்து வைத்திருக்கிறான். மிருகங்களுக்கென்றே அப்படி ஒன்று, அனிமல் சாரிட்டி இவால்யுவேட்டர்ஸ், 2012 இல் தொடங்கியது. அந்த இணைப்பை வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு வீடியோவில் வந்தான்.

“சித்தி, இதில நாய்க் காப்பகம் ஒண்டும் இல்லை, பாத்தீங்களோ? முழுக்கக் கோழியும் மீனும். நீங்கள் எக்கவுண்டன்ற். நீங்களே கணக்குப் பாருங்கோ.”

பார்த்தேன். உலகத்தில் வருடத்துக்கு 7,000 கோடிக்கும் மேற்பட்ட தரைவாழ் மிருகங்கள் இறைச்சிக்காகக் கொல்லப்படுகின்றன. மிகப் பெரும்பகுதி கோழிகள். கூட்டில் முட்டையிடுகிற கோழிக்கு வழக்கமாகக் கிடைக்கிற இடம் ஒரு ஏ4 தாளைவிடக் குறைவு. செட்டையை விரிக்காமலே அதன் காலம் முடிந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த வெறும் கூடுகளை 2012 இலிருந்து தடை செய்துவிட்டது. ஒரு பெரிய கொம்பனியைக் கூடில்லாத முட்டைக்கு மாறச் செய்தால் ஒரே கையெழுத்தில் லட்சக்கணக்கான கோழிகளின் நாள் மாறும். அந்தக் கையெழுத்தை வாங்க அலைகிறவர்களுக்குப் போகிற காசு, நாய்களுக்குப் போகிற காசோடு பார்த்தால் தூசு.

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் முட்டை அப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கமராவை முகட்டைப் பார்க்கத் திருப்பிவிட்டு மிச்சத்தை முடித்தேன். கணக்கில் பிழை கண்டுபிடிக்க ஒரு கிழமை முயன்றேன், முடியவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, “அப்பா கோழிக்கு எப்ப சோறு போட்டவர்? கோழியைச் சோத்தோட திண்டவர்” என்றார். அது விவாதத்துக்குப் பதில் இல்லைதான். ஆனாலும் திவசக் காசு என்பது வெறும் காசு இல்லை. அதில் செத்தவரின் கை இருக்கிறது. அப்பாவின் கை போன இடத்துக்கே அது போக வேண்டும் என்று அம்மா நினைத்ததை எந்த அட்டவணையில் எந்த நிரலில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

நாய், கோழி தவிர மற்றவையும் இடையில் வந்து போயின. அலுவலகத்தில் ஒருவர் யானைக் குட்டிக்குக் கொடுக்கச் சொன்னார். அதில் எனக்குப் பிடித்த ஒரு வித்தியாசம் உண்டு: 1975 இல் தொடங்கிய பின்னவலையில் யானைகள் அங்கேயே இருந்துவிடும், 1995 இல் தொடங்கிய உடவளவை இடைத்தங்கல் நிலையத்தில் தாயில்லாக் குட்டிகளை வளர்த்து மீண்டும் காட்டுக்குள் விடுவார்கள். இரண்டிலும் குட்டி பால் குடிக்கிற படம் ஒன்றுபோலத்தான் இருக்கும். தெற்குக் கடற்கரையின் ஆமைக் குஞ்சு நிலையங்களும் அப்படித்தான். பொரித்த முதல் நாளில் குஞ்சுக்கு விடாமல் நீந்திக் கடலின் ஆழத்துக்குப் போகிற ஒரு வேகம் இருக்கும். உல்லாசப் பயணிகளுக்குக் காட்ட நாள்கணக்கில் தொட்டியில் வைத்தால் அந்த வேகம் தொட்டிச் சுவரில் முட்டி வீணாகும். நானும் ஒருமுறை காசு கட்டி ஒரு குஞ்சைக் கடலில் விட்டவள்தான். அது எத்தனை நாள் தொட்டியில் இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. படம் நன்றாக வந்தது.

சட்டத்தை மாற்றப் போராடுகிறவர்களுக்குக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். மிருகவதைக்கு எதிராக எங்களிடம் உள்ள கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டினது. அதில் உயர்ந்தபட்சத் தண்டப்பணம் 100 ரூபா. 1907 இல் அது ஒரு குடும்பத்தை உலுக்குகிற தொகையாக இருந்திருக்கும். இன்று காலி வீதியில் அந்தக் காசுக்கு ஒரு நல்ல பால் தேத்தண்ணி கிடைத்தால் அதிர்ஷ்டம். சட்ட ஆணைக்குழு 2006 இல் புதிய சட்டத்துக்கு ஒரு வரைவு எழுதியது. அது மேசை மேசையாக ஏறி இறங்கியே வருடங்கள் போயின. இதற்கு ஒரு லட்சம் ரூபா என்ன செய்யும் என்று என்னால் கணிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன். அது கோழைத்தனம் என்று அக்காவின் மகன் சொன்னான், இருக்கலாம்.

கருத்தடை செய்கிற அமைப்புகளுக்குத் திரும்பி வந்தேன். நான்கு இடங்களுக்குத் தமிழ்ச் சாயல் அடிக்கிற ஆங்கிலத்தில் ஒரே கடிதத்தை எழுதினேன். கேட்டது அதிகமில்லை. போன வருடம் எத்தனை பெட்டை நாய்களுக்குச் செய்தீர்கள்? கடுவன் எத்தனை என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் இரண்டையும் கூட்டிச் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு தெருவில் பத்துக் கடுவனில் ஒன்பதுக்குச் செய்தாலும் மிஞ்சிய ஒன்று எல்லா வேலையையும் பார்த்துவிடும். கத்தி வைக்கிறவர் பதிவு பெற்ற மிருக வைத்தியரா? வெட்டுப் பிரிந்தால் அந்த நாயை யார் திரும்பிப் பிடிப்பார்கள்? ஒரே இடத்துக்கு மறுபடி போவீர்களா, வருடத்துக்கு ஒரு ஊரா? கடைசியில், கணக்காய்வு செய்த கணக்கு இருக்கிறதா?

ஒரு இடம் பதிலே போடவில்லை. ஒரு இடத்திலிருந்து குரல் பதிவு வந்தது: “நாங்கள் நாயைப் பார்க்கிறோம் மிஸ், பேப்பர் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.” கோபம் வந்தது, பிறகு குறைந்தது. நல்ல மனுஷரின் கணக்குப் புத்தகம் குப்பையாக இருப்பதையும், கள்ளனின் புத்தகம் கண்ணாடிபோல இருப்பதையும் என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகம் சுத்தமாக இருப்பதற்கும் வேலை சுத்தமாக இருப்பதற்கும் உறவு உண்டு, ஆனால் அது அண்ணன் தம்பி உறவு இல்லை, ஒன்றுவிட்ட உறவு.

மூன்றாவது இடம், “உங்கள் காசில் ஒரு சதமும் சம்பளத்துக்குப் போகாது” என்று பெருமையாக எழுதியிருந்தது. இதைப் பலர் ஒரு தகுதியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது பயத்தைத்தான் தந்தது. வைத்தியருக்குச் சம்பளம் இல்லாமல் யார் வெட்டுவது? நாய் பிடிக்கிற பொடியனுக்கு விசர்நோய்த் தடுப்பூசி யார் காசில்? கருத்தடை முகாமில் செலவே சம்பளம்தான், மருந்தும் நூலும் அதற்குப் பிறகு.

நான்காவது இடம் இரண்டு பக்கத் தாள் ஒன்றை அனுப்பியது. பெட்டை இத்தனை, கடுவன் இத்தனை, மயக்கத்தில் செத்தது மூன்று. அந்த மூன்றை அவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த வரிக்காகத்தான் நான் அவர்களைத் தெரிவு செய்தேன். பெயரை இங்கே போடாததற்குக் காரணம் உண்டு. ஆட்கள் மாறுவார்கள், அடுத்த வருடம் தாளும் மாறும். என் பெயரை நம்பிக் கொடுப்பதைவிட நீங்களே ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள்.

இதற்கிடையில் அம்மா தனியாக ஒரு வேலை பார்த்திருந்தார். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கு ஒரு சரணாலயம் வைத்திருக்கிறது. அதை நிறுவிய ஆறு திருமுருகனின் சொற்பொழிவுகளை அம்மா ஒன்று விடாமல் கேட்பவர். தன் ஓய்வூதியத்திலிருந்து என்னிடம் சொல்லாமலே அங்கே அனுப்பியிருக்கிறார். கடிதம் இல்லை, கேள்வி இல்லை. “எங்கட ஊர்ப் பக்கத்து நாயும் நாய்தானே” என்றார். நான் நான்கு மாதம் எடுத்ததை அவர் நாலு நிமிடத்தில் முடித்திருந்தார். குறை சொல்ல வாயில்லை.

கடைசியில் பிரித்தது இப்படி. அறுபதாயிரம் அந்தக் கருத்தடை அமைப்புக்கு, எங்கள் வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒரு முகாமாவது போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு. இருபதாயிரம் பக்கத்து லேனில் இருக்கிற ஒரு அக்காவின் கடனுக்கு. அவர் இருபது வருடமாகத் தெருநாய்களை வைத்தியரிடம் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறவர். காசை அவர் கையில் கொடுக்காமல் வைத்தியரின் கொப்பியில் நேரே கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கினேன். நம்பிக்கையில்லாமல் இல்லை, அவர் கையில் கொடுத்தால் அன்றைக்கே இன்னும் நான்கு நாய்களை ஏற்றிவிடுவார். பதினையாயிரம் கோழிகளுக்கு, அக்காவின் மகன் சொன்ன அமைப்பு ஒன்றுக்குக் கடனட்டையில். அதை ஏன் செய்தேன் என்று எனக்கே முழுக்கத் தெரியாது. முட்டை அப்பத்தையும் விடவில்லை.

மிச்சம் ஐயாயிரத்தை அம்மா எடுத்துக்கொண்டார். வைரவருக்கு வடைமாலை. “அவற்ற வாகனத்துக்குத்தானே எல்லாம் செய்யிறாய், அவருக்கு ஒண்டும் இல்லையோ?” கோவிலில் மாலையைப் பிரித்துக் கொடுத்த வடைகளில் பாதி அன்று பின்னேரம் தண்டவாளத்துக்குப் போனது.

முகாம் இரண்டு மாதம் கழித்து, கால்வாய்க்கு அருகே ஒரு சனசமூக மண்டபத்தில் நடந்தது. பழைய பத்திரிகைத் தாள் விரித்து அதன்மேல் வரிசையாக நாய்கள், நாக்கை வெளியே போட்டு, பிணம் மாதிரி. ஒரு பொடியன் ஒவ்வொன்றாக நாடி பார்த்துக்கொண்டே போனான். மேசையில் வைத்தியர், இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒரு பிள்ளை, விரல் நீளம்கூட இல்லாத ஒரு வெட்டுக்குள்ளே கொக்கியை விட்டுக் கருப்பையை வெளியே எடுத்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவதில் அவர் நிமிர்ந்து முதுகை நெளித்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். பிறகு பதின்மூன்றாவது.

அப்பாவின் நாய்களில் பெட்டை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மண்ணிறம், இடக்காது மடிந்தது. ராசாத்தி என்று கூப்பிடுவார். வலை வைத்திருந்த பொடியன்கள் மரைன் டிரைவில் அரை நாள் ஓடியும் அவள் அகப்படவில்லை. கடைசியில் அம்மா அந்த அலுமினியச் சட்டியோடு கீழே இறங்கினார். சட்டியைக் கண்டதும் வந்தாள். பின்னாலிருந்து வலையைப் போட்டது நான்.

அன்று இரவே கொண்டுவந்து விட்டார்கள். காது நுனியில் சிறு முக்கோண வெட்டு. கல்லிடுக்குக்குள் போய்ப் படுத்தவள் என்னைக் கண்டால் எழுந்து அப்பால் போனாள். மறுநாளும் அப்படித்தான். நான் கொண்டுபோன சோறு காகத்துக்குப் போனது. ஒரு கிழமை, பத்து நாள். வெட்டு ஆறிவிட்டதா என்று தூரத்திலிருந்து போனில் பெரிதாக்கித்தான் பார்த்தேன். ஆறியிருந்தது.

மூன்றாவது கிழமை ஒருநாள் பின்னேரம் அம்மாவும் நானும் போனோம். ராசாத்தி எழுந்தாள். வாலை ஆட்டினாள். என்னைச் சுற்றி ஒரு பெரிய வளைவு எடுத்து, அம்மாவின் சட்டிக்குப் போய் வாய் வைத்தாள்.